மூவார் கேட்ட மூச்சு

சென்ற வாரம் கடைவாய்ப் பல்லைக் காட்டுவதற்காக மருத்துவரிடம் போயிருந்தேன். இந்த வயதில் சொந்தப் பற்களோடு இருப்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அதை அந்தச் சின்னப் பெண் மருத்துவரிடமும் சொல்லிவிட்டுத்தான் நாற்காலியில் சாய்ந்தேன். அவள் பஞ்சை எதிலோ நனைத்து ஈறில் வைத்தாள். கிராம்பெண்ணெய். அதன் காரம் கன்னத்தின் உட்புறம் முழுவதும் பரவியபோது, உன் குரல் காதுக்குள் கேட்டது.

"ஒரு கிராம்ப எடுத்துக் கன்னத்துல அடக்கிக்க மலாக்கா. பேசிப் பேசித் தொண்டை வறண்டா நம்ம பொழப்பு என்னாவுறது?"

கண்ணில் நீர் வந்துவிட்டது. "வலிக்குதா ஆன்ட்டி?" என்று கேட்டாள் மருத்துவர். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு என்ன பதில் சொல்ல? கதவோரம் நின்ற என் தம்பிதான் பதில் சொன்னான். "எங்கக்காவுக்கு வலியெல்லாம் வராது டாக்டர். வந்தாலும் பர்மிஷன் கேட்டுட்டுத்தான் வரும்."

அறுபது தாண்டிப் பல வருடம் ஆகியும் அவன் என்னைக் கிண்டல் செய்வதை விடவில்லை. காரில் காஜா பெராங்கிலுள்ள என் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம், வண்டி ஓட்டும் அவன் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே வந்தேன். உனக்கு எழுத வேண்டும் என்று அப்போது தோன்றியது. நீ போய் இரண்டு மாதம் ஆகிறது.

உன் பெயரை இதில் எழுதப் போவதில்லை. பெயர் எனக்குத் தெரியும். ஆனால் ஒருநாளும் உன்னைப் பெயர் சொல்லி நான் அழைத்ததில்லை. நீ எனக்கு மூவார், நான் உனக்கு மலாக்கா. அந்தக் காலத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆப்பரேட்டர்கள் ஒருவரையொருவர் ஊர் பெயரால்தான் அழைத்துக்கொண்டோம். வெளியூருக்குப் பேச வேண்டியவர்கள் எங்களிடம் எண்ணைச் சொல்வார்கள். நான் இணைப்புக் கயிற்றை எடுத்து, போர்டில் உன் ஊர்த் துளையில் செருகி, "ஹலோ மூவார்" என்பேன். நீ அங்கிருந்து "சொல்லு மலாக்கா" என்பாய். முகம் தெரியாது, உடுப்பு தெரியாது. தலையில் மாட்டிய கருவி வழியாகக் காதுக்குள் வந்து உட்காரும் ஒரு குரல், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் கடைகள், அலுவலகங்கள் எல்லாம் மூடியிருக்கும். அழைப்பைக் காட்டும் விளக்குகள் போர்டில் எரியாது. எங்கள் சூப்பர்வைசர், ஐரோப்பியக் கலப்பு வம்சத்து யூரேசிய அம்மாள், சாப்பிட்டு முடித்து நாற்காலியில் கண்ணயர்வாள். அப்போது மூன்று ஊர்களை ஒன்றாகச் சேர்த்துவிடுவோம். நீ, நான், சிகாமட். ஒழுங்கு ஒழுங்கு என்று பேசுகிற நான், லைனில் அரட்டை கூடாது என்ற அந்த ஒரு விதியை மட்டும் எப்படி மீறினேன் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

என்னவெல்லாம் பேசினோம்! சிகாமட் தன் கோழிகளுக்கெல்லாம் பெயர் வைத்திருந்தாள். எந்தக் கோழி அடைகாக்கிறது, எது அண்டை வீட்டில் முட்டையிட்டுவிட்டு வருகிறது என்று வாரந்தோறும் நமக்கு அறிக்கை கொடுப்பாள். நீ தேங்காய் மட்டையில் ஆர்க்கிட் வளர்த்தாய். புதிதாக ஒன்று பூத்தால் அதன் நிறத்தை எனக்குச் சொல்லியாக வேண்டும் உனக்கு. "ஊதான்னு சொன்னா பத்தாது. கத்தரிக்காய் காம்புக்குக் கிட்டக்க ஒரு வெளிர் ஊதா இருக்கே, பாத்திருக்கியா? அது." நான் கான்வென்டில் கன்னியாஸ்திரிகளிடம் குரோஷே பின்னக் கற்றவள். மூவாரிலிருந்த உனக்கு வாயாலேயே பின்னக் கற்றுக்கொடுத்தேன். "மூன்று சங்கிலி, ஒன்றை விட்டு அடுத்த கண்ணில் ஊசியை விடு." நீ பின்னியதை நான் பார்க்க முடியாது. ஆனாலும், "இறுக்கிப் பின்னுகிறாய், மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாய், எனக்குக் கேட்கிறது" என்று திருத்துவேன். "ஐயோ, இவ காதா இல்ல பூதக்கண்ணாடியா?" என்று சிகாமட் சிரிப்பாள்.

வீட்டுச் சங்கதிகளும் வரும். சிகாமட்டின் மாமா ஐம்பது வயதில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டு, முதல் நாளே போலீஸ் ஸ்டேஷன் வேலியில் போய் மோதியது. உன் அம்மா சினிமாக் கொட்டகையில் தூங்கிப்போய், விளக்கெல்லாம் அணைத்த பிறகு வாட்ச்மேன் எழுப்பி அனுப்பியது. என் வீட்டுக் கதைகளை மட்டும் நான் சொல்லமாட்டேன். "எங்க வீட்ல அப்படியெல்லாம் எதுவும் நடக்காது" என்பேன். நீ விடமாட்டாய். "நடக்காதுன்னா வீடா அது, மியூசியம்லா."

எங்கள் ஊர் பண்டார் ஹிலிர் திடலில் மலாயாவின் சுதந்திரத்துக்கு நாள் குறித்துச் சொன்ன வருடம் அது. அன்று போர்டு முழுவதும் விளக்கு எரிந்து, எங்கள் கைகள் மரத்துப்போயின. எல்லாரும் எல்லாருக்கும் எதையாவது சொல்லத் துடித்த நாள். அதற்குச் சில வாரங்கள் கழித்துத்தான் என் வீட்டில் அது நடந்தது.

நான் நான்கு பெண்களில் மூத்தவள். இருபத்தொரு வயது. சிரம்பானிலிருந்து ஒரு ஆசிரியர் வரன் வந்து, பெண் பார்க்க நாள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் வேலை முடிந்து வெள்ளை கவுனும் குடையுமாக வீட்டு வாசலுக்கு வந்தேன். பக்கத்து வீட்டில் மலாக்காச் செட்டிக் குடும்பம். அவர்கள் பெயர் தமிழில் இருக்கும், பேச்சு மலாயில் இருக்கும். அந்த வீட்டு அம்மாள் வேலிக்கு மேலே எட்டி என் அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, தெருவே கேட்கும்படி, "ரெஜெக்கி லா! ரெஜெக்கி!" என்று குதூகலமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆண்டவன் அள்ளிக் கொடுத்தது என்று அர்த்தம். அம்மா தலையைக் குனிந்தபடி, மெல்ல, மெல்ல என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கைகளை உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நாற்பத்திரண்டு வயதில் என் அம்மா பிள்ளை உண்டாகியிருந்தாள்.

இன்றைய பெண்களிடம் இதைச் சொன்னால், இதற்கு எதற்கு அவமானம் என்பார்கள். கல்யாணத்துக்கு மகள் நிற்கிற வீட்டில், அவளுக்கு முன்னால் அம்மாவுக்குத் தொட்டில் கட்டினால் ஊர் என்ன பேசும் என்பது உனக்குத் தெரியும், சிகாமட்டுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அன்று மாலை அப்பா என் முகத்தைப் பார்க்காமல் பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார். ஊற்றிய செடிக்கே மறுபடியும் ஊற்றினார். தங்கைகள் மூவரும் என்னிடம் கேள்வி கேட்கப் பயந்துகொண்டு பாடப் புத்தகத்தில் முகத்தைப் புதைத்திருந்தார்கள். யாருமே என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது. கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன். பஸ்ஸில் பின்னால் யாராவது சிரித்தால் எங்களைப் பற்றித்தான் என்று நினைத்தேன்.

நான் ஒரு ஏற்பாடு செய்தேன். அம்மாவின் தங்கை, எங்கள் சித்தி, புக்கிட் ரம்பாயில் இருந்தாள். குழந்தை இல்லாதவள். வயிறு வெளியே தெரிவதற்குள் அம்மா அங்கே போய்விட வேண்டும். பிள்ளை அங்கேயே பிறக்க வேண்டும், பிறந்த நாளிலிருந்தே அது சித்தியின் பிள்ளை. அம்மா மட்டும் திரும்பி வரவேண்டும். ஒரு டிரங்க் காலைப் போடுவது போல, யாரை எங்கே எப்போது இணைப்பது, எப்போது பிரிப்பது என்று வரிசையாகச் சொன்னேன். அப்பா மறுக்கவில்லை. சித்தி அழுதுகொண்டே சரி என்றாள், சந்தோஷத்தில். அம்மா, "நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும் பெரியவளே" என்றாள். இரண்டு புடவைகளையும் ஒரு சாமி படத்தையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

இதை நான் யாரிடமும் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் பொங்கியது எங்காவது வழிந்துதானே ஆக வேண்டும். முகம் தெரியாதவளிடம் சொல்வது சுலபமாக இருந்தது. ஒரு ஞாயிறு மதியம், சிகாமட் விடுப்பில் இருந்தபோது, உன்னிடம் கொட்டினேன். நீ குறுக்கே பேசாமல் கேட்டாய்.

"குழந்தைய நெனச்சா ஒரு மாதிரி இல்லையா மலாக்கா?" என்றாய்.

"சித்தி நல்லாப் பார்த்துக்குவாங்க. நம்ம வீட்டைவிட அங்க வசதி. பிறந்த அன்னைக்கே போற பிள்ளைக்கு என்ன தெரியப் போகுது?"

இதை எழுதும்போது என் கை கூசுகிறது. அந்தக் குரல் எப்படி ஒலித்திருக்கும் என்று எனக்கே தெரியும். திருத்தமான, தெளிவான, ஒரு எழுத்தும் பிசகாத குரல். கான்வென்டில் பரிசு வாங்கிய குரல்.

"இரு, கால் வருது" என்றாய். நம் லைனை அடைக்கும் சாவியை மூடாமல் விட்டிருந்தாய். "நம்பர் ப்ளீஸ்" என்று நீ சொல்வதும், ஒரு பெண் குரல் பத்து பகாட் ஊரில் ஓர் எண்ணைக் கேட்பதும் எனக்குக் கேட்டது. நீ பத்து பகாட்டை அழைத்து இணைப்புக் கொடுத்தாய். தொலைவில் வயதான ஒரு குரல், "ஹலோ, யாரு?" என்றது. அப்புறம் நீ திரும்பி வந்தாய்.

"இப்பக் கனெக்‌ஷன் குடுத்தேனே, யாரு தெரியுமா? எங்கக்கா."

"உனக்கு ஏது அக்கா? ஒரே பிள்ளைன்னு சொல்வியே?"

"என்னை வளத்தவங்களுக்கு ஒரே பிள்ளை. அக்காவுக்குக் கல்யாணம் பேசியிருந்த நேரத்துல நான் பொறந்தேனாம். வெளிய தெரிஞ்சா அசிங்கம்னு பொறந்த ஒடனே குடுத்துட்டாங்க. எனக்குப் பதினெட்டு வயசானப்ப வளத்த அம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க, பேரு, ஊரு, கடை எல்லாம். அக்காவ இங்க மூவார்லதான் கட்டிக் குடுத்திருக்கு. துணிக்கடை. கடையில போன் இருக்கு. பத்து பகாட்டுல எடுத்தாங்களே, அது எங்கம்மா. பெத்தவங்க."

"அவங்களுக்குத் தெரியுமா? நீன்னு?"

"எப்படித் தெரியும்? நான் வெறும் நம்பர் ப்ளீஸ்தானே."

"நீ கேட்பியா, அவங்க பேசுறதை?"

"சீ. சட்டம் சட்டந்தான். லைன் சரியா வருதான்னு பாக்கணுமில்ல, 'ஹலோ'ங்கற வரைக்கும் கேப்பேன். அதுக்குமேல சாவிய மூடிடுவேன். ஆனா ஒண்ணு மட்டும் பண்ணுவேன் மலாக்கா. ரிப்போர்ட் பண்ணிடாதே. அவங்களுக்கு மட்டும் மூணு நிமிஷம் முடிஞ்சு போச்சுன்னு லைன்ல குறுக்கிட்டுச் சொல்ல மாட்டேன். பேசட்டும்னு விட்டுடுவேன்."

லைனில் கடல் போல ஒரு இரைச்சல் இருக்குமே, அது மட்டும் ஓடியது. என் காது, கழுத்து எல்லாம் சூடாகிவிட்டது. முகம் தெரியாமல் பேசுகிறோம் என்பதற்காக வாழ்நாளில் அன்றுதான் நன்றி சொன்னேன். நீ கோபமாக ஒரு வார்த்தை பேசியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். நீயோ, "அக்காவ நான் தப்பு சொல்லல. இருபது வயசுப் பொண்ணு, அவ என்ன பண்ணுவா? ஆனா பிள்ளைக்குத் தெரியும் மலாக்கா. அது மட்டும் நீ தெரிஞ்சுக்க" என்றாய். உன் போர்டில் விளக்கு எரிந்தது போலிருக்கிறது. நீ போய்விட்டாய்.

அடுத்து வந்த என் விடுமுறை நாளில் புக்கிட் ரம்பாய்க்குப் பஸ் ஏறினேன். என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியாமலேயே போனேன். சித்தி கடைக்குப் போயிருந்தாள். ஜன்னலோரம் பாயில் உட்கார்ந்து அம்மா எதையோ தைத்துக்கொண்டிருந்தாள். என் நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள். மடியில் இருந்ததை அவசரமாக முந்தானையால் மூடினாள். திருடிய பொருளை மறைப்பது போல மூடினாள். பழைய சேலையைக் கிழித்துத் தைத்த ஒரு சின்னச் சட்டையின் கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"சும்மா... சித்திக்குத்தான்... பிள்ளைக்கு வேணுமேன்னு..." என்றாள்.

மூவார், அம்மாவைப் பார்த்து நான் கூசியதை மட்டும்தான் அதுவரை அறிந்திருந்தேன். என்னைப் பார்த்து அம்மா கூசுகிறாள் என்பது அன்றுதான் தெரிந்தது. பெற்ற மகளுக்கு முன்னால் ஊசியையும் நூலையும் ஒளித்து வைக்கிற நிலைக்கு நான் அவளைக் கொண்டுவந்திருந்தேன். அந்த முந்தானை என் கண்ணைவிட்டு இன்றுவரை போகவில்லை.

"புடவையை எடுத்து வைம்மா. வீட்டுக்குப் போகலாம்" என்றேன்.

அதற்குள் சித்தி வந்துவிட்டாள். விஷயம் கேட்டதும் கையிலிருந்த பையைத் தரையில் வைத்தாள். பின்னறையின் கதவைத் திறந்து காட்டினாள். சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது. நடுவில் ஒரு தொட்டில்.

"உங்க இஷ்டத்துக்குக் குடுப்பீங்க, உங்க இஷ்டத்துக்கு எடுப்பீங்க. நான் என்ன, தபால் பெட்டியா?" என்று கேட்டாள். "கேட்டது நீ. நான் கேக்கல. நீயா வந்து கேட்டே."

உண்மை. ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஒரு வெட்கத்தைத் துடைக்கப் போய் இன்னொன்றைச் சம்பாதித்துக்கொண்டேன். சித்தியின் காலைத் தொட்டேன். அவள் காலை இழுத்துக்கொண்டாள். பிறகு பல வருடம் அவள் எங்கள் வீட்டுப்படி ஏறவில்லை. ஆனால் பிள்ளை பிறந்த வாரம், யாரிடமோ சொல்லி, அந்தத் தொட்டிலை மட்டும் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டாள்.

காஜா பெராங்கில் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது நல்ல வெயில். பள்ளிக்கூடம் விட்ட நேரம், தெரு நிறைய ஆட்கள். அம்மா என் பின்னால் ஒதுங்கி ஒதுங்கி வந்தாள். "எல்லாரும் பாக்குறாங்க பெரியவளே. நீ முன்னால போ, நான் மெதுவா வரேன்" என்றாள். நான் நின்றேன். குடையை அவளுக்குப் பிடித்தேன். "பார்க்கட்டும்" என்றேன். என்னைத் தைரியசாலி என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று நான் அவளுக்குக் குடை பிடித்தது, என் பாதி முகத்தையாவது அதற்குள் மறைத்துக்கொள்ளலாம் என்றுதான். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

சிரம்பான்காரர்கள் வந்தார்கள். ஏழு மாத வயிற்றோடு அம்மாவே வாசலில் நின்று வரவேற்றாள். மாப்பிள்ளையின் அம்மா காப்பியைக் குடித்தாள், கேசரியைத் தின்றாள். "பெண்ணோட அம்மாவுக்கு ஓய்வு வேணும்போல" என்று ஒரு சிரிப்புச் சிரித்தாள். அதோடு சரி, அங்கிருந்து ஒரு பதிலும் வரவில்லை. அடுத்த ஞாயிறு அதைச் சொன்னபோது சிகாமட் கொதித்தாள். "என் சேவலக் கொண்டு வந்து விடவா, அந்தம்மா கால்ல கொத்த?" நீ மட்டும் மெதுவாக, "வருத்தமா இருக்கா?" என்று கேட்டாய். இல்லை என்றேன். கொஞ்சம் இருந்தது. அதுவும் உனக்குக் கேட்டிருக்கும்.

தம்பி பிறந்தான். நான்கு பெண்களுக்குப் பிறகு ஒரு பையன். அப்பா மறுபடி என் முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். பத்து நாள் கழித்து மூவார் பஸ் கண்டக்டர் ஒரு சின்னப் பொட்டலத்தை எக்ஸ்சேஞ்ச் வாசலில் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே குரோஷேயில் பின்னிய ஒரு குல்லாய். நான் வாயால் சொல்லிக்கொடுத்த அதே பின்னல். ஒரு வரிசையில் இரண்டு கண்கள் விட்டுப்போயிருந்தன. வேறு யாருடையதாக இருந்தாலும் பிரித்துப் பின்னச் சொல்லியிருப்பேன். அதை அப்படியே அவன் தலையில் வைத்தேன்.

நீ என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அவன் பேச ஆரம்பிச்சதும் ஒரு தடவை எனக்குக் கேக்க வை மலாக்கா." அவனுக்கு ஒன்றரை வயது நடக்கும்போது, சுதந்திரம் வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன, ஒரு பொங்கல் நாளன்று அவனுக்குப் புதுச் சட்டை போட்டு எக்ஸ்சேஞ்சுக்குத் தூக்கிப் போனேன். வெளியாட்களை உள்ளே விடக்கூடாது என்பது சட்டம். சூப்பர்வைசர் அம்மாள் கண்ணாடிக்கு மேலாக என்னையும் அவனையும் பார்த்தாள். எழுந்து வந்து, தன் தலையிலிருந்த கருவியைக் கழற்றி அவன் காதில் வைத்தாள். "சீக்கிரம்" என்று மட்டும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் உண்மையிலேயே தூங்கினாளா என்ற சந்தேகம் எனக்கு அன்றுதான் வந்தது.

பக்கத்து நாற்காலியின் கருவியை நான் மாட்டிக்கொண்டு, "மூவார், ஆள் வந்திருக்கு" என்றேன். நீ, "தம்பி... தம்பிக் குட்டி..." என்று கூப்பிட்டாய். வீட்டில் ஓயாமல் பேசுகிறவன் வாயைத் திறக்கவில்லை. கண்ணை அகல விரித்து, குரல் எங்கிருந்து வருகிறதென்று போர்டின் துளைகளைப் பார்த்தான். "பேசுடா, அக்கான்னு சொல்லு" என்று கெஞ்சினேன், மிரட்டினேன், கிள்ளக்கூடப் பார்த்தேன். ஊஹும். வாக்குக் கொடுத்து அவனைக் கூட்டிவந்து இப்படி ஆகிவிட்டதே என்று எனக்கு மானம் போனது. "மன்னிச்சுக்க மூவார், இன்னைக்குன்னு பார்த்து..." என்று ஆரம்பித்தேன்.

"ஷ்ஷ்" என்றாய். "மூச்சு கேக்குது. போதும்."

எவ்வளவு நேரம் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தாய் என்று தெரியாது. நீயும் மூன்று நிமிடம் ஆயிற்று என்று சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆனது. அம்மா பிள்ளை பெற்ற கதையைக் கேட்டு, "அப்போ எனக்கு மச்சான் இருக்கான்னு சொல்லுங்க" என்று சிரித்த மனிதரைக் கட்டிக்கொண்டேன். அக்கினியில் போடுவதற்காக என் கையில் பொரியை அள்ளி வைக்க வேண்டியவன் உடன்பிறந்தான். மூன்று வயது மச்சான் பொரியைப் பாதி என் கையில் போட்டான், மீதியை மணவறையிலேயே தின்றான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் புக்கிட் ரம்பாயின் பின்னறை ஞாபகம் வந்தது. நீ கல்யாணத்துக்கு வரவில்லை. "மொகம் பாத்துட்டா அப்புறம் குரல் மொகத்துக்குள்ள போய்ப் பூந்துக்கும். வேணாம் மலாக்கா" என்றாய். சில வருடங்களில் ஜனங்கள் தாங்களே வெளியூர் எண்ணைச் சுழற்றப் பழகிவிட்டார்கள். நாம் தேவைப்படவில்லை. ஆனாலும் தீபாவளிக்கு ஒரு அழைப்பு, ஒருவருக்கு உடம்பு முடியாவிட்டால் ஒரு அழைப்பு என்று கடைசிவரை விடவில்லை. தம்பி மகள் ஒருமுறை, "அத்தை, வீடியோ கால் போட்டுத் தரேன், உங்க பிரண்ட பாருங்க" என்றாள். வேண்டாம் என்றேன். "பார்க்காமலே அறுபது வருஷமா பிரண்டா?" என்று வியந்தாள். அவள் கைப்பேசியில் முகம் தெரியாத நண்பர்கள் எத்தனை பேர் என்று நான் திருப்பிக் கேட்டேன்.

உன் அக்கா இறந்தபோது நீ போயிருந்ததை எனக்கு ஒரு தீபாவளியன்று சொன்னாய். கூட்டத்தோடு கூட்டமாக நின்றாயாம். யாரோ, "நீங்க யாருக்கு வேணும்?" என்று கேட்டார்களாம். "டெலிபோன்ல வேலை செஞ்சேன். இவங்க குரல் தெரியும்" என்று சொல்லிவிட்டு, ஒரு பூவை வைத்துவிட்டு வந்தாயாம். அத்தனை வருடங்களில், போய் அவளிடம் சொல் என்று நான் உன்னிடம் ஒருமுறையாவது சொல்லியிருக்க வேண்டாமா? ஊரிலுள்ள எல்லாருக்கும் இப்படிச் செய், அப்படிச் செய் என்று சொல்கிற வாய் இது. உன்னிடம் மட்டும் திறக்கவில்லை. "பிள்ளைக்கு என்ன தெரியப் போகுது" என்று கேட்ட வாயால் எதைச் சொல்வது? நீ அதை ஒருபோதும் குத்திக்காட்டவில்லை. அதுதான் என்னை இன்னும் தலைகுனிய வைக்கிறது.

இரண்டு மாதம் முன்பு சிகாமட் கூப்பிட்டாள். அவளுக்கும் காது மந்தம், கத்திப் பேசுகிறாள். "மலாக்கா! மூவார் போயிட்டா!" என்றாள். ஒரு ஊரே போய்விட்டதாகப் பக்கத்தில் இருந்தவர்கள் பயந்துபோனார்கள்.

தம்பிக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. அம்மா சொல்லவில்லை, சித்தி சொல்லவில்லை, நான் சொல்லத் துணியவில்லை. அந்தக் குல்லாயை யார் பின்னியது என்று ஒருமுறை கேட்டான். மூவாரில் ஒரு அக்கா என்றேன். பல் மருத்துவரிடமிருந்து திரும்பிய அன்று காரிலேயே சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். "என்னக்கா, பல்லு வலியா?" என்றான். ஆமாம் என்றுவிட்டேன். பிள்ளைக்குத் தெரியும் என்று நீ சொன்னாய். அவனுக்கும் ஏதோ ஒன்று தெரிந்திருக்கலாம். கேட்காமல் இருக்கிறானோ என்னவோ.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவன் தினமும் என்னைப் போனில் கூப்பிடுவான். கூப்பிட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைத் தேடுவது அவன் வழக்கம். அதனால் பேச்சுத் தொடங்கச் சற்று நேரம் ஆகும். என் கணவர் இருந்தவரை, "ஹலோ சொல்லேன், என்ன யோசனை?" என்று என்னைக் கடிந்துகொள்வார். எதையும் காலத்தோடு செய்கிற நான், இதில் மட்டும் அவசரப்படுவதில்லை. கருவியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவன் மூச்சைக் கேட்டபடி உட்கார்ந்திருப்பேன்.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?" என்பான்.

"இருக்கேன்டா" என்பேன், கொஞ்சம் தாமதமாக. அந்தத் தாமதம் உன்னுடையது, மூவார்.